டீச்சரிடம் கேளுங்கள்: பலாவான் தீவுகளும் பவளப் பாரும்

சென்ற இதழில் பிலிப்பைன்ஸ் நாட்டின் பலாவான் மாகாணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மகன் தாவாவ் நகரில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தபோது 2019 பிப்ரவரியில் ஒரு தடவை, அவன் படிப்பு முடிந்ததும் 2023 ஏப்ரலில் என் அக்காவையும் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை அங்கே போனேன். அந்த ஒரு பக்கத்துக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்களுக்கு மொத்தமே எட்டு நாள்தான் விடுமுறை. பலாவான் முழுவதையும் பார்த்துவிட முடியுமா? விசாவுக்கு எவ்வளவு அலைய வேண்டும்?
— கோவை வாசகர்

முழுவதையும் முடியாது. முதலில் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மூடின குடையைச் சாய்த்து வைத்த மாதிரி ஒரு தீவு தெரியும். நீளம் 400 கிலோமீட்டருக்கு மேல், அகலம் அதிகமாக உள்ள இடத்திலேயே சுமார் 40 கிலோமீட்டர்தான். மேற்கே தென்சீனக் கடல், கிழக்கே சூலு கடல். இந்தக் குடையின் வடக்கு நுனிக்கு அப்பால் புசுவாங்கா, கொரோன், கூலியோன் என்று இன்னொரு தீவுக் கூட்டம். குட்டித் தீவுகளையும் சேர்த்தால் மாகாணத்தில் 1,700க்கு மேல் தேறும்.

எட்டு நாளில் போக வர இரண்டு நாள் கழிந்துவிடும். மிச்சம் ஆறு நாளுக்கு ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் மாகாணத் தலைநகர் புவெர்ட்டோ பிரின்செசாவில் இறங்கி, அங்கே இரண்டு நாள், பிறகு வேனில் ஐந்தாறு மணி நேரம் வடக்கே போய் எல் நிடோவில் நான்கு நாள். இது ஒரு வழி. மணிலாவிலிருந்து நேரே புசுவாங்காவில் இறங்கி கொரோனிலேயே ஆறு நாளும் இருப்பது இன்னொரு வழி. எல் நிடோவுக்கும் கொரோனுக்கும் நடுவே வேகப் படகு ஓடுகிறது, நாலு மணி நேரம்தான் என்று சொல்வார்கள். கடல் கொந்தளித்தால் கடலோரக் காவல் படை படகை நிறுத்திவிடும். 2019இல் அப்படி ஒன்றரை நாள் துறைமுகத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எட்டு நாள்காரர்கள் அந்தப் படகை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

விசா விஷயம் இப்போது சுலபம். 2025 ஜூன் முதல் இந்தியர்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் சுற்றுலா போகலாம். அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசா), சிங்கப்பூர், பிரிட்டன் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் 30 நாள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும், திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று கையில் இருக்க வேண்டும். அந்த 14 நாளை அங்கே போய் நீட்டிக்க முடியாது. கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் இலவசமாகப் பயணப் பதிவு ஒன்று செய்ய வேண்டும், அதற்குப் பணம் கேட்கும் தளங்களில் மாட்டிக்கொள்ளாதீர்கள். சென்னைக்காரர்களுக்கு சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழிதான் வசதி. டிக்கெட் எடுப்பதற்கு முன் தூதரகத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள், விதிகள் மாறக்கூடியவை.

என் அம்மாவுக்கு 66 வயது. நீச்சல் தெரியாது, முழங்கால் வலி உண்டு. டிவியில் பவளப் பாறையைப் பார்த்ததிலிருந்து நேரில் பார்க்க ஆசைப்படுகிறார். கூட்டிக்கொண்டு போகலாமா, பயமாக இருக்கிறது.
— தஞ்சாவூர் வாசகி

கூட்டிப் போங்கள் அம்மா. எனக்கு வந்த கடிதங்களில் நான் மிகவும் விரும்பிப் படித்தது உங்களுடையதைத்தான். என் அக்காவுக்கு அப்போது 67 வயது. மண்டபத்தில் பிறந்தும் அவளுக்கு நீச்சல் தெரியாது. என்னை அம்மா பாசி எடுக்கக் கூட்டிப்போவாள், அக்கா வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். கடலுக்குள் என்ன இருக்கிறது என்று அறுபது வருஷமாக நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு புவெர்ட்டோ பிரின்செசா பக்கத்து ஹோண்டா வளைகுடா போதும். ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் படகுத்துறை. பாண்டான், கவ்ரி, லூலி என்று தீவுகள். லூலி என்பது ‘மூழ்கும், வெளிப்படும்’ என்ற இரண்டு சொல்லின் சுருக்கம். வற்றம் வந்தால் மணல் திட்டு வெளியே தெரியும், ஏற்றத்தில் மறைந்துவிடும். ஆழம் குறைவு, அலை குறைவு.

அங்கே எல்லாப் படகுக்கும் ‘பங்கா’ என்று பெயர். ஒல்லியான உடம்பு, இரண்டு பக்கமும் மூங்கில் மிதவைகள் சிலந்திக் கால் போல நீண்டிருக்கும். ஆட்டம் குறைவு. ஆனால் ஏறுவது இறங்குவது ஒரு சாண் அகலப் பலகையில். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுதான் கஷ்டமே தவிர, கடல் இல்லை. படகுக்காரத் தம்பிகள் இரண்டு பேர் மூங்கிலைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவசரப்படாமல் இறங்கச் சொல்லுங்கள்.

உயிர்காப்புச் சட்டை கட்டாயம் போடுங்கள். முகக் கண்ணாடியை அம்மாவின் முகத்துக்கு வைத்துப் பாருங்கள், மூக்கால் மூச்சை உள்ளே இழுத்தால் கையை விட்டாலும் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விளிம்பில் ஒரு முடி சிக்கினாலும் தண்ணீர் புகும். இடுப்பளவு மணல் தரையில் நின்றபடியே முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து வாயால் மூச்சு விடப் பத்து நிமிடம் பழகட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் பயம் போய்விடும். அதன் பிறகு ஒரு மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், வழிகாட்டி அதன் கயிற்றைப் பிடித்து நீந்தி இழுத்துப் போவார். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். மிதக்க வேண்டும், கீழே பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். எழுப்பவே இல்லை. ஐந்து நிமிடம் கழித்துக் குழாயைக் கழற்றிவிட்டு, “உள்ளே யாரோ கற்கண்டு கடிக்கிற சத்தம் கேக்குதுடி” என்றாள். நான் காது வைத்துக் கேட்டேன். கிளிமீன்! பச்சையும் நீலமுமாக, அலகு மாதிரி பல்லை வைத்துப் பவளப் பாறையைக் கரக் கரக் என்று சுரண்டுகிறது. பாறை மேல் படியும் பாசிக்காகத்தான் சுரண்டுகிறது. உள்ளே போன சுண்ணாம்பை மாவாக அரைத்து வெளியே விடும், அது புகை மாதிரி வாலுக்குப் பின்னால் விழுவதைக் கண்ணால் பார்த்தோம். கரையில் நாம் படுத்துக் கிடக்கும் வெள்ளை மணலில் ஒரு பங்கு இந்த மீன் அரைத்துப் போட்டது. முப்பது வருஷம் புவியியல் பாடம் நடத்திய எனக்கே அன்றைக்குத்தான் அது கண் முன்னால் நடந்தது.

ஒரே ஒரு விஷயம் உங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். களைத்துப் போனாலும் காலை ஊன்ற நினைக்கக் கூடாது. வளையத்தைப் பிடித்துக்கொண்டு மல்லாந்தால் போதும். கீழே இருப்பது கல் மாதிரி இருக்கும், ஆனால் அது கல் இல்லை.

எல் நிடோவா, கொரோனா? ஒன்றுதான் என்றால் எது?
— சிவகாசி வாசகர்

படங்களில் நீங்கள் பார்த்த, தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் கறுத்த சுண்ணாம்பு மலைகள் இரண்டு இடத்திலும் உண்டு.

எல் நிடோ என்றால் ஸ்பானிய மொழியில் ‘கூடு’. பக்குயிட் என்றிருந்த ஊருக்கு 1954இல் இந்தப் பெயர் வைத்தார்கள். அந்த மலைப் பொந்துகளில் உழவாரக் குருவி இனம் ஒன்று தன் எச்சிலால் கூடு கட்டும், சீனச் சமையலில் சூப்புக்கு அதற்கு அத்தனை விலை. மூங்கிலைப் பிடித்து அந்தக் குத்துப் பாறையில் ஏறிக் கூடு எடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஊரில் எல்லாப் படகுப் பயணத்துக்கும் ஏ, பி, சி, டி என்று பெயர், எந்தக் கடையில் கேட்டாலும் இடங்கள் பெரும்பாலும் அதேதான். ‘ஏ’வில் பெரிய காயல், சின்னக் காயல். பெரிய காயலுக்குள் மோட்டார் படகு போகக் கூடாது, கயாக் வாடகைக்கு எடுத்துத் துடுப்புப் போட்டுத்தான் போக வேண்டும். முதல் படகாகப் போய்ச் சேரும்படி படகுக்காரரிடம் கேளுங்கள். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைத்தது. இரண்டு பக்கமும் சுவர் மாதிரி மலை, நடுவில் பச்சைத் தண்ணீர், துடுப்பிலிருந்து சொட்டும் நீர்த்துளி விழும் சத்தம் மலையில் பட்டுத் திரும்பிக் கேட்டது. ஒரு மணி நேரத்தில் முப்பது படகு வந்துவிட்டது, பிறகு அங்கே ஒன்றும் கேட்கவில்லை. மணல்தான் வேண்டும் என்றால் ஊருக்கு வடக்கே நக்பான் கடற்கரை, நாலு கிலோமீட்டர், தென்னை மரம், நடந்துகொண்டே இருக்கலாம்.

கொரோன் என்னை இழுத்தது வேறு காரணத்துக்காக. கொரோன் ஊர் புசுவாங்கா தீவில் இருக்கிறது. எதிரே தெரிகிற மலைத் தீவுதான் கொரோன் தீவு. அது தக்பன்வா பழங்குடி மக்களுடைய பூர்வீக இடம். 1998இல் அந்தத் தீவை மட்டுமல்ல, அதைச் சுற்றிய கடலையும் சேர்த்து அவர்களுடைய பாரம்பரிய எல்லை என்று அரசு எழுதிக் கொடுத்தது. கடலை ஒரு மக்களுக்குச் சொந்தம் என்று எழுதித் தருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று மீனவர் ஊரில் பிறந்த எனக்குத் தெரியும். காயங்கன் ஏரி, பர்ரகூடா ஏரி என்று சிலவற்றைத்தான் அவர்கள் வெளியாருக்குத் திறந்திருக்கிறார்கள். மற்ற ஏரிகள் அவர்களுக்குப் புனிதம், அங்கே போகக் கேட்காதீர்கள். நுழைவுக் கட்டணத்தை அவர்கள்தான் வாங்குகிறார்கள், மனசாரக் கொடுங்கள்.

காயங்கனுக்குச் செங்குத்தான படி ஏறி இறங்க வேண்டும். ஏரித் தண்ணீரின் தெளிவில் தரைப் பாறை கைக்கெட்டும் தூரம் மாதிரி தோன்றும், உண்மையில் நாலைந்து ஆள் ஆழம் இருக்கும். பர்ரகூடா ஏரியில் இன்னொரு அதிசயம். மேலே குளிர்ந்த நீர், பத்துப் பதினைந்து மீட்டர் கீழே இறங்கினால் 38 டிகிரி அளவுக்குச் சூடு. என் மகன் டைவ் அடித்துவிட்டு வந்து, “வெந்நீர் அண்டாவுக்குள் இறங்கின மாதிரி இருந்ததும்மா” என்றான்.

அதே கடலில் 1944 செப்டம்பர் 24 அன்று அமெரிக்கக் கடற்படை விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்கள் கிடக்கின்றன. இராக்கோ, அகிட்சுஷிமா, ஒகிகாவா மாரு என்று பெயர்கள். டைவிங் தெரியாதவர்களுக்கு லுசோங் தீவருகே ஒரு சிறிய போர்ப் படகு உண்டு, வற்றத்தில் அதன் பின்புறம் தண்ணீருக்கு மேலேயே தெரியும். அதன் இரும்புத் தகட்டில் பவளம் பிடித்து, வரிக்கோடு போட்ட சின்ன மீன்கள் ஜன்னல் வழியாகப் போய் வருகின்றன. எண்பது வருஷத்தில் கடல் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டுவிட்டது.

ஒன்றுதான் என்றால், நான் கொரோன் என்பேன். வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் கூட வந்தால் எல் நிடோ.

எந்த மாதம் போவது நல்லது?
— திருநெல்வேலி, விருதுநகர், சேலத்திலிருந்து ஏழெட்டுக் கடிதங்கள்

நம் கடலோரத்தில் வாடை, கச்சான் என்று சொல்வோமே, அங்கே அதே இரண்டு காற்றுக்கு அமிஹான், ஹபாகாட் என்று பெயர். அமிஹான் வடகிழக்கிலிருந்து வருவது, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. அவர்களுக்கு அதில் மழை குறைவு, ஆனால் காற்று வலு. ஹபாகாட் தென்மேற்கிலிருந்து ஜூன் முதல் அக்டோபர் வரை, மழையும் அலையும். எல் நிடோ மேற்கு பார்த்த ஊர் என்பதால் அதன் அடி நேராக விழும். இரண்டுக்கும் நடுவில் மார்ச், ஏப்ரல், மே. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடக்கும். வெயில் கொளுத்தும், ஆனால் நமக்கு அது புதிதில்லை. நம் பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்து வருவது நல்லதாகப் போயிற்று. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் மட்டும் போகாதீர்கள், நாடே கடற்கரைக்கு வந்துவிடும்.

புயல் நாடு ஆயிற்றே என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மற்றப் பிலிப்பைன்ஸ் தீவுகளைவிடப் பலாவானுக்குப் புயல் குறைவு. ஆனால் வராது என்று இல்லை. 2021 டிசம்பரில் ‘ஒடெட்’ புயல் புவெர்ட்டோ பிரின்செசாவிலிருந்து வடக்கே கடுமையாக அடித்தது. நான் 2023இல் போனபோதும் சபாங் என்ற கடலோர ஊர்ப் பக்கம் தலை இல்லாத தென்னைகள் வரிசையாக நின்றன.

நிலத்தடி ஆற்றுக்குள் படகில் போவது பாதுகாப்பா? எனக்கு இருட்டு, வௌவால் இரண்டும் ஆகாது.
— ஈரோடு வாசகி

அந்த ஆறு மலைக்கு அடியில் 8.2 கிலோமீட்டர் ஓடி நேரே கடலில் விழுகிறது. 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. சபாங் துறையிலிருந்து பங்காவில் போய் இறங்கி, கொஞ்ச தூரம் காட்டுக்குள் நடந்தால் குகை வாய். நமக்குக் காட்டுவது ஒன்றரை கிலோமீட்டர் மட்டும், துடுப்புப் படகில். தலைக்கவசம் தருவார்கள், காதில் மாட்டும் கருவி பேசும், அதனால் உள்ளே யாரும் பேச மாட்டார்கள். படகோட்டி கையில் ஒரே ஒரு விளக்கு. “மேலே பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள்” என்று அவர் முதலிலேயே எச்சரித்துவிட்டார். கூரையெல்லாம் வௌவால். அவை நம்மேல் விழுவதில்லை, குருவிகளும் வௌவால்களும் அவரவர் வழியில் பறக்கின்றன. இருட்டு ஆகாது என்றால் யோசியுங்கள், ஏனென்றால் விளக்கை வேறு பக்கம் திருப்பினால் கை தெரியாது. அனுமதிச் சீட்டு தினமும் இத்தனை பேருக்கு என்று எண்ணித்தான் தருகிறார்கள், முன்பே வாங்குங்கள்.

எனக்கு அங்கே ஒரு நிமிடம் கண் கலங்கியது. அந்தக் குகைச் சுவரில் சுமார் 2 கோடி ஆண்டு பழைய கடற்பசு இனத்தின் எலும்புப் படிவம் பதிந்திருக்கிறது என்று கருவி சொன்னது. கடற்பசு என்றால் எங்கள் ஊர் ஆவுளியா. சின்ன வயதில் மண்டபத்தில் வலையில் பட்டுச் செத்துக் கரையில் கிடந்த ஒன்றைப் பார்த்திருக்கிறேன், கன்றுக்குட்டி மாதிரி முகம். பாக் விரிகுடாவில் 2022இல் தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாக அறிவித்தது. உயிரோடு அது மேய்வதைப் பார்க்க ஆசை உள்ளவர்களுக்குப் புசுவாங்காவின் வடக்கே கடல் புல்வெளிகள் உண்டு. தக்பன்வா வழிகாட்டிகளோடு நாலைந்து பேராகத்தான் விடுகிறார்கள். நான் இரண்டு நாள் போனேன். இரண்டாம் நாள் ஏழு நிமிடம் அது புல் தின்பதை மேலிருந்து பார்த்தேன், மண் புழுதியாகக் கிளம்பியது.

அதே பக்கத்தில் ஆப்பிரிக்க ஒட்டகச்சிவிங்கி இருக்கும் தீவு உண்டாமே, பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?
— வேலூர் வாசகர்

காலாவுயிட் தீவு. 1976இல் அன்றைய அதிபர் மார்கோஸ் ஆட்சியில் அதைக் காப்பகமாக்கிக் கென்யாவிலிருந்து ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, மான் எல்லாம் கப்பலில் கொண்டுவந்தார்கள். அதற்காக அங்கே குடியிருந்த தக்பன்வா குடும்பங்களை வெளியேற்றினார்கள். பின்னாளில் அவர்களில் பலர் போராடித் திரும்பி வந்தார்கள். எனக்குப் போக மனம் வரவில்லை. பிள்ளைகளுக்கு அதற்குப் பதில் புவெர்ட்டோ பிரின்செசா பக்கத்தில் இரவில் இவாஹிக் ஆற்றில் மின்மினி பார்க்கும் படகு நல்லது. அலையாத்தி மரம் முழுக்க மினுக் மினுக் என்று எரியும்.

சுத்த சைவத்துக்கு அங்கே என்ன கிடைக்கும்?
— கும்பகோணம் வாசகி

கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். காய்கறிக் கூட்டு என்று தருவதிலும் இறால் விழுது போட்டிருப்பார்கள், சூப்பில் மீன் சாறு. “வாலாங் கார்னே, வாலாங் இஸ்டா” என்று மனப்பாடம் செய்யுங்கள், கறி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள். அதோடு “பாகோஒங்” வேண்டாம் என்றும் சொல்லுங்கள், அதுதான் இறால் விழுது. வெள்ளிக்கிழமைகளில் பல கடைகளில் பச்சைப்பயறுக் குழம்பு வைப்பார்கள், கருவாடு போட்டதா என்று கேட்டு வாங்கினால் சோற்றோடு நம்மூர்ச் சாப்பாடு மாதிரியே இருக்கும். வாழைப்பழத்தை மாவுச் சுருளில் வைத்துப் பொரித்த துரோன், இளநீர், பழங்கள் தாராளம். மாம்பழத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் மங்கா. நம் மாங்காய்தான் மலாய் மொழி வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. சந்தைக்காரம்மாவிடம் அக்கா “மாங்கா” என்று கேட்டதும் அவர் எடுத்துக் கொடுத்துவிட்டார், இருவருக்கும் ஒரே சிரிப்பு.

அசைவக்காரர்கள் புவெர்ட்டோ பிரின்செசாவில் சாவ்லோங் சாப்பிடுங்கள். வியட்நாம் அகதிகள் அங்கே தங்கியிருந்த காலத்தில் விட்டுப்போன நூடுல்ஸ் சூப் அது. அகதிகளில் அநேகமாக எல்லோரும் வேறு நாடுகளுக்குப் போய்விட்டார்கள், சூப் ஊரோடு தங்கிவிட்டது.

டீச்சர், நான் உங்களிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். இப்போது மண்டபத்தில் கண்ணாடிப் படகு ஓட்டுகிறேன். அங்கே துபத்தாஹா என்ற பார் இன்னும் கெடாமல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எப்படி முடிந்தது? நம் பார் ஏன் இப்படி ஆனது?
— மண்டபத்திலிருந்து ஒரு மாணவர்

தம்பி, ‘பார்’ என்ற சொல்லை நீ எழுதியதே எனக்குப் போதும். நம்மூரில் யாரும் பவளப் பாறை என்று சொல்ல மாட்டார்கள்.

துபத்தாஹா புவெர்ட்டோ பிரின்செசாவிலிருந்து தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர், சூலு கடலுக்கு நடுவில். பங்காவில் போக முடியாது. கப்பலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், கப்பலிலேயே தங்கி டைவ் அடித்துவிட்டுத் திரும்ப வேண்டும், அதுவும் மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மட்டும். நான் போகவில்லை, என் மகன் போனான். தூரம் அதற்குப் பாதிப் பாதுகாப்பு. மீதிப் பாதுகாப்பு மனிதர்கள் செய்தது. 1980களில் அங்கேயும் வெடி போட்டு, சயனைடு கரைத்து மீன் பிடித்தார்கள். 1988இல் தேசியப் பூங்கா ஆக்கி மீன்பிடியை அடியோடு நிறுத்தினார்கள், 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இப்போது 97,030 ஹெக்டேர். ஒரு மணல் திட்டில் காவலர் நிலையம் வைத்து வருஷம் முழுக்க ஆள் மாற்றி ஆள் இருக்கிறார்கள். மாதக் கணக்கில் சுற்றிலும் தண்ணீர்தான். அந்தப் பார் எந்த ஊரின் எல்லைக்குள் வருகிறதோ, அந்தக் ககாயன்சில்யோ ஊராருக்குக் கட்டணத்தில் ஒரு பங்கு போகிறது. காவல் காக்கிறவனுக்கும் காக்கப்படுகிற இடத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவனுக்கும் வயிறு நிறைய வேண்டும், அதை அவர்கள் செய்தார்கள்.

2013 ஜனவரி 17 அன்று அமெரிக்கக் கடற்படையின் ‘கார்டியன்’ என்ற கப்பலே அந்தப் பாரில் ஏறித் தட்டி நின்றது. கப்பலைத் துண்டு துண்டாக அறுத்துத்தான் எடுத்தார்கள். அழிந்த பவளத்தை அளந்தார்கள்: 2,345 சதுர மீட்டர். அதற்கு 8.7 கோடி பெசோ நஷ்டஈடு வாங்கினார்கள். உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அதனால் அந்தப் பணம் வந்ததும் பார் வந்துவிடாது. ஆனால் ஒரு பாருக்குச் சதுர மீட்டர் கணக்கில் பதில் சொல்லியாக வேண்டும் என்று ஒரு வல்லரசிடம் கேட்டார்களே, அதைத்தான் நான் வகுப்பில் சொல்ல ஆசைப்பட்டேன். அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன்.

நம் பார் ஏன் இப்படி ஆனது என்று நீ கேட்கிறாய். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பார், பூப் பூவாகத் தெரியும். அது பவளக் கல். நான் பிறந்த வீட்டுச் சுவரும் அதுதான். வள்ளம் வள்ளமாக வெட்டி வந்து வீடு கட்டினோம், காளவாயில் போட்டுச் சுண்ணாம்பு சுட்டோம். என் அப்பாவும் வெட்டினார், அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். அது உயிர் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இன்றைக்குத் தண்ணீருக்குள் போய்விட்டன. 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்த பிறகுதான் வெட்டுவது நின்றது. இப்போது கடல் சூடாகிப் பவளம் வெளுப்பது நம் கையை மீறிய ஆபத்து, பலாவானுக்கும் அதே ஆபத்துதான். ஆனால் நங்கூரம் எங்கே போடுவது என்பது உன் கையில் இருக்கிறது.

2019இல் எல் நிடோ பக்கம் நாங்கள் போன படகு, மிதவையில் கட்டாமல் பவளத்தின் மேலேயே நங்கூரத்தை வீசியது. நான் தண்ணீருக்குள் இருந்தேன். இரும்பு இறங்கி, மேசை மாதிரி விரிந்திருந்த ஒரு பவளத்தின் ஓரம் உடைந்து சரிந்தது. சத்தம்கூட இல்லை, தூள்தான் எழுந்தது. படகு ஏறியதும் ஓட்டியவரிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மிதவை ஏற்கெனவே நாலு படகால் நிரம்பியிருந்தது, நேரத்துக்குத் திரும்பாவிட்டால் அவருக்கு அன்றைய கூலி இல்லை. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தம்பி, உன் படகில் ஏறுகிறவர்களிடம் அரை மணி நேரம் கூடக் காத்திருங்கள் என்று நீ சொன்னால், காத்திருக்கிறவர்களாக நாங்கள் இருக்க வேண்டும்.

ஞாபகத்துக்குச் சங்கு, சிப்பி, உடைந்து கரை ஒதுங்கிய பவளம் எடுத்து வரலாமா? கரையில் கிடப்பதுதானே?
— சென்னை வாசகி

வேண்டாம். கரையில் கிடந்தாலும் பவளத்தை எடுப்பது அங்கே குற்றம், விமான நிலையச் சோதனையில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள். நம் நாட்டுக்குள் கொண்டுவந்தாலும் குற்றம். தக்லோபோ என்று சொல்லும் ராட்சதச் சிப்பியின் ஓட்டை யாராவது விற்க வந்தால் தொடவே தொடாதீர்கள். 2021 ஏப்ரலில் பலாவானின் ரோஹாஸ் பக்கம் ஒரு தீவில் சுமார் 200 டன் சிப்பி ஓட்டைக் கடத்தலுக்குக் குவித்து வைத்திருந்து பிடிபட்டது. உயிரோடு இருக்கும்போது அது மணலில் வாயைத் திறந்து வைத்திருக்கும், உள்ளே நீலமும் ஊதாவுமாக மயில் கழுத்து நிறத்தில் உதடு, நம் நிழல் பட்டதும் மெல்லச் சுருக்கிக்கொள்ளும்.

வாங்குவதற்கு முந்திரி இருக்கிறது. பலாவான் முழுக்க முந்திரித் தோப்பு, ‘கசோய்’ என்று பெயர். புவெர்ட்டோ பிரின்செசாச் சந்தையில் வறுத்தது, உப்புப் போட்டது, வெல்லப்பாகில் தட்டையாக ஊற்றிய ‘பந்தி’ எல்லாம் கிடைக்கும். பந்தி அப்படியே நம் கடலை மிட்டாய். பழங்குடிப் பெண்கள் முடைந்த கூடையும் நல்லது. நான் வாங்கி வந்த கூடை மூடியோடு ஒரு படி கொள்ளும், அக்கா அதில் இப்போது வடகம் போட்டு வைத்திருக்கிறாள்.